கொழுப்பைக் குறைக்கச் சாப்பாடும் உடற்பயிற்சியும்: புதிதாகத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது நம் ஊர்ச் சமையலறையை மனதில் வைத்து எழுதியது. இட்லி, தோசை, சோறு, குழம்பு, பொரியல், மோர் என்று சாப்பிடுகிறவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள், பள்ளிக்கூட விளையாட்டு நேரத்துக்குப் பிறகு உடம்பை வளைத்து எதுவும் செய்யாதவர்கள், இவர்களுக்காக. ஓட்ஸ், அவகாடோ, விலை உயர்ந்த பவுடர் டப்பா எதுவும் வாங்கத் தேவையில்லை.

சாப்பாட்டைக் குறைப்பதா, உடற்பயிற்சி செய்வதா, எது முக்கியம்?

எடையைக் கீழே கொண்டுவருவது பெரும்பாலும் சாப்பாடுதான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் 120 முதல் 150 கலோரி வரை செலவாகும். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் இரண்டு உளுந்து வடை சாப்பிட்டால் அதைவிட அதிகமாகவே உள்ளே போய்விடும். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 439 பெண்களை வைத்து ஓராண்டு நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகவே காட்டியது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சராசரியாக 2.4 சதவீத எடை குறைந்தது, சாப்பாட்டை மட்டும் மாற்றியவர்களுக்கு 8.5 சதவீதம், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 10.8 சதவீதம்.

அப்படியென்றால் உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பீர்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். தசை போனால் உடம்பு தளர்ந்துபோகும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும், பிறகு எடை திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே வரும். எடை எவ்வளவு குறைகிறது என்பதைச் சாப்பாடு முடிவு செய்கிறது, குறைவதில் எவ்வளவு கொழுப்பு என்பதில் உடற்பயிற்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

எடைக்கு அப்பாலும் பலன் உண்டு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்துச் சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. தராசு அசையவில்லை என்று நடையை நிறுத்துபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

நான் ஒன்றும் குண்டு இல்லை, தொப்பை மட்டும்தான். எனக்கும் இதெல்லாம் தேவையா?

தேவை. நம்மில் நிறையப் பேருக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின் இருவரும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தைச் சேர்த்து ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்ணான பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒரே பிஎம்ஐயில் நம் உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருக்கும் என்பதால்தான் இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை என்றும், 25-லேயே உடல் பருமன் என்றும் வைத்திருக்கிறார்கள்.

அதனால் தராசைவிட டேப்பை நம்புங்கள். காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளந்து பாருங்கள், வயிற்றை உள்ளே இழுக்காமல். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான். பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், முக்கால்வாசிப் பேர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம்.

மாதத்துக்கு எவ்வளவு குறையலாம்?

ஒன்றரை முதல் இரண்டு கிலோ குறைந்தால் நல்ல வேகம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 400 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் ஒரு கிலோ கரைய 19 நாள் ஆகும். 10 நாளில் 10 கிலோ என்கிற விளம்பரத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், நாள் ஒன்றுக்கு 7,700 கலோரி குறைய வேண்டும், பெரும்பாலானவர்கள் ஒரு நாளில் செலவழிப்பதே அதில் பாதிகூட இருக்காது. முதல் வாரத்தில் சடாரென்று இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து செலவாகும்போது அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் வெளியேறும். மிக வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் ஆபத்தும் கூடுகிறது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பிக்காதீர்கள். சோற்றை விட்டு, சர்க்கரையை விட்டு, ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு மணி நேரம் ஓடி, சாயங்காலம் ஜிம்முக்கும் போய், மூன்றாவது நாள் கால்களை நகர்த்த முடியாமல் படுத்துவிடுவதை நிறையப் பார்த்தாயிற்று. பசியும் உடம்பு வலியும் ஒரே நேரத்தில் வந்தால் எவ்வளவு மன உறுதி இருந்தாலும் தாங்காது.

முதல் இரண்டு வாரம் இரண்டே வேலை. மதியமோ இரவோ சாப்பிட்டபின் 15–20 நிமிடம் நடப்பது ஒன்று. தட்டில் காய்கறியை இரண்டு மடங்காக்கி, சோற்றில் ஒரு கரண்டி குறைப்பது இன்னொன்று. அது பழகியதும் மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் தசைப் பயிற்சியையும், ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரத உணவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எண்ணெய், டீயில் சர்க்கரை, சாயங்கால நொறுக்கு என்று ஒவ்வொன்றாகக் கை வைக்கலாம். மெதுவாகத்தான் தெரியும், ஆனால் ஆறு மாதம் கழித்தும் தொடர்ந்து செய்துகொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இப்படி ஆரம்பித்தவர்கள்தான்.

சோற்றை விட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் நாம் சோறு சாப்பிடும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு போடும் பழக்கம் நமக்கு. காய்கறி என்பது ஓரத்தில் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி. 100 கிராம் வெந்த சோற்றில் 130 கலோரிதான், ஆனால் மூன்று தடவையும் சேர்த்து 400, 450 கிராம் சுலபமாகப் போய்விடும்.

இதில் யாருக்கும் கஷ்டமில்லாத ஒரு மாற்றம் உண்டு. முதலில் பொரியலையும் கூட்டையும் ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிடுங்கள். பிறகு சாம்பாரோ மீன் குழம்போ ஊற்றி ஒரு கப் சோறு, அதுவும் பருப்போ மீனோ நிறைய இருக்கும்படி அடியிலிருந்து அள்ளிய குழம்பாக. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. ரசத்துக்கும் மோருக்கும் போட்ட சோறு மட்டும் நிற்கிறது, வயிறு நிறைந்துவிடுகிறது, வீட்டில் தனியாகச் சமைக்கவும் தேவையில்லை. கத்திரிக்காய், புடலங்காய், அவரைக்காய், கீரை, முட்டைக்கோஸ் எது வேண்டுமானாலும் சரி. உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் காய்கறிக் கணக்கில் வராது.

சப்பாத்திக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் குறையுமா?

தானாகக் குறையாது. தினை, சாமை, கேழ்வரகு எல்லாம் நல்ல உணவுதான், நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும். ஆனால் கலோரியில் அரிசிக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எண்ணெய் தடவிச் சுட்ட நான்கு சப்பாத்தியைக் குருமாவோடு சாப்பிட்டுவிட்டு டயட்டில் இருக்கிறேன் என்று நினைப்பதுதான் இதில் நடக்கும் ஏமாற்றம்.

புரதம் எவ்வளவு வேண்டும்? சைவத்தில் முடியுமா?

எடை குறைக்கும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 கிராம் அளவாவது புரதம் கிடைத்தால் தசைக்கு நல்லது. 65 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 78 கிராம். நம் வழக்கமான சைவச் சாப்பாட்டில், காலையில் இட்லி, மதியம் சோறு சாம்பார் தயிர், இரவு தோசை என்று போனால் 40 கிராமைச் சுற்றியே நிற்கும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் இருக்கும் பருப்பைத் தனியாக எடுத்தால் ஒன்றிரண்டு ஸ்பூன்தான் தேறும்.

இந்த இடைவெளியை அடைப்பது கஷ்டமில்லை. ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் கிடைக்கும். காய்ந்த நிலையில் 30 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து குழம்பிலோ பொரியலிலோ போட்டால் 15 கிராம். கூடுதலாக 200 கிராம் தயிர் எடுத்தால் 7 கிராம். இந்த மூன்றிலேயே 34 கிராம் வந்துவிட்டது. முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஒரு முட்டைக்கு 6 கிராம், மஞ்சள் கருவைத் தூக்கிப்போட வேண்டாம். மத்தி, அயிலை, கோழி என்றால் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் கிடைக்கும், பொரிக்காமல் குழம்பாக வைத்தால் போதும். வேர்க்கடலை, பாதாமைப் புரதத்துக்காக அள்ளிச் சாப்பிடாதீர்கள். 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் புரதத்தோடு 560 கலோரிக்கு மேல் கூடவே வருகிறது. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எண்ணெயில் அவ்வளவு இருக்கிறதா?

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி. வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நான்கு பேருக்கு 5 லிட்டர் என்றால் ஒருவருக்கு நாளுக்கு 42 மில்லி, கிட்டத்தட்ட 340 கலோரி. அதையே 2 லிட்டராக்கினால் 140-க்கு வந்துவிடும். சோற்றிலும் குழம்பிலும் கை வைக்காமலே ஒரு ஆளுக்கு நாளுக்கு 200 கலோரி மிச்சம். செக்கு எண்ணெய் என்றாலும் கணக்கு அதேதான். எண்ணெய்த் தூக்கிலிருந்து அப்படியே சாய்த்து ஊற்றுவதை விட்டு ஒரு டீஸ்பூனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தாளிக்க இரண்டு ஸ்பூன் போதும் என்பது ஒரு வாரத்தில் பழகிவிடும். சமைப்பவர் ஒருவர், டயட் இருப்பவர் இன்னொருவர் என்றால் முதலில் சமைப்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள், இல்லையென்றால் இது நடக்காது.

நடைப்பயிற்சி மட்டும் போதாதா?

நல்ல ஆரம்பம், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 2020-ல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சி. நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம். நடையும் விறுவிறுப்பாக இருக்க வேண்டும்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பூங்காவில் நான்கு பேர் வரிசையாக அரசியல் பேசிக்கொண்டு நடப்பது மனதுக்கு இதம், ஆனால் அதை 150 நிமிடத்தில் சேர்க்காதீர்கள்.

ஜிம்முக்குப் போகாமல் தசைப் பயிற்சி செய்ய முடியுமா?

முடியும். தண்டால், பஸ்கி என்று நம் உடற்பயிற்சிக் கூடங்களில் காலம்காலமாகச் செய்ததும் உடம்பு எடையை வைத்துத்தான். புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஐந்து அசைவுகள் போதும்.

முதலாவது, கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பாதங்கள் தோள் அகலத்தில் இருக்கட்டும், கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். எழும்போது குதிகாலை அழுத்தி எழுங்கள், முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள், பலன் அங்கேதான் அதிகம். முட்டி வலி இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, சுவரில் கை ஊன்றித் தண்டால். அது சுலபமானதும் சமையல் மேடையின் விளிம்பில், பிறகு தரையில். மூன்றாவது, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பை மேலே தூக்கி இரண்டு நொடி நிறுத்துவது. நான்காவது, ஒரு பையில் இரண்டு கிலோ அரிசிப் பொட்டலம் இரண்டைப் போட்டு, முதுகை நேராக வைத்துச் சற்றுக் குனிந்து பையை இடுப்பு வரை இழுப்பது, ஒவ்வொரு கையிலும். ஐந்தாவது பிளாங்க், முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில் ஊன்றி உடம்பை நேராக வைத்து 15 நொடி.

பிளாங்க் தவிர மற்றவை ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மொத்தம் இரண்டு சுற்று, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. 20 நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருந்தால் அளவு சரி. 12 சுலபமாகிவிட்டால் எடையையோ சுற்றையோ கூட்டுங்கள், மாதக்கணக்கில் அதே அளவில் நிற்பதில் பயன் இல்லை. அடுத்த ஓரிரு நாள் தசை வலிக்கும், அது இயல்பு. மூட்டுக்குள் சுருக்கென்று குத்துகிற வலி வேறு, அது வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

வெயிட் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவேனா?

ஆக மாட்டீர்கள். அப்படித் தசை வளர வருடக்கணக்கில் கடும் பயிற்சி வேண்டும், தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் பெண்களுக்கு மிகக் குறைவு. 40 வயதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் இந்தப் பயிற்சி மிகவும் தேவை, மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும். வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று அம்மாவுக்கும் அக்காவுக்கும் சொல்லாதீர்கள். அந்த வேலை களைப்பைத் தரும், தசைக்குப் படிப்படியாகச் சுமை ஏற்றாது. அவர்களுக்கு 20 நிமிடம் ஒதுக்க வேண்டுமென்றால் வீட்டில் வேறு யாராவது பாத்திரம் கழுவ வேண்டும்.

வயிற்றுப் பயிற்சி செய்தால் தொப்பை கரையுமா?

வயிற்றுத் தசை வலுவாகும், மேலே இருக்கும் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையாது. உடம்பு முழுவதும் சேர்ந்துதான் கொழுப்பு குறையும். கரையும் கொழுப்பில் 84 சதவீதம் கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி தண்ணீராக. வியர்வை கொட்டினால் கொழுப்பு போகிறது என்று பிளாஸ்டிக் பெல்ட் கட்டிக்கொண்டு நடப்பதில் உடம்புத் தண்ணீர்தான் போகிறது.

வெந்நீரில் தேன் எலுமிச்சை, கொள்ளு ரசம்?

தேனில் ஒரு டீஸ்பூனுக்கு 20 கலோரி இருக்கிறது, அது எதையும் கரைக்காது. ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை நம்புபவர்கள் கொள்ளைச் சுண்டலாகவோ துவையலாகவோ சாப்பிடுங்கள், நல்ல புரதமும் நார்ச்சத்தும் கிடைக்கும். வடிகட்டிய ரசத்தில் அதெல்லாம் வராது.

ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிடலாமா?

மொத்தக் கலோரி ஒன்றாக இருந்தால், ஒரு வேளையை விட்டுக் குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் சாப்பிடுவதற்கும் மூன்று வேளை அளவாகச் சாப்பிடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் பசிக்காதவர்களுக்கு இது ஒத்துவரும். காலையை விட்டுவிட்டு இரவு பத்து மணிக்குப் பரோட்டாவில் ஈடுகட்டுபவர்களுக்கு ஒத்துவராது. இரவு ஏழரை, எட்டு மணிக்குள் சாப்பிட்டு அடுப்படி விளக்கை அணைப்பதே பலருக்குப் போதுமான விரதம்.

தூக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 2010-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு, 10 பேர்தான், ஆனால் மிகக் கவனமாகச் செய்தது. சாப்பாட்டை ஒரே மாதிரி குறைத்து, 14 நாள் எட்டரை மணி நேரமும் இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். குறைவாகத் தூங்கிய நாட்களில், கரைந்த கொழுப்பு 1.4 கிலோவிலிருந்து 0.6 கிலோவாக இறங்கியது, தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை கூடுதலாகப் போனது. நள்ளிரவு வரை போனைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு அலாரம் வைத்து நடக்கப் போகிறவர்கள், பேசாமல் தூங்கி எழுந்து மாலையில் நடக்கலாம்.

நன்றாகக் குறைந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. ஏன்?

ஒரு வாரம் நின்றால் பதறாதீர்கள். உப்பு கூடினாலோ, புதிதாகப் பயிற்சி ஆரம்பித்தாலோ, மாதவிடாய் நெருங்கினாலோ உடம்பில் தண்ணீர் தங்கும், தராசு அசையாது. மூன்று வாரமாக எடையும் இடுப்பும் இரண்டுமே அசையவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கும். எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு, முன்பு போதுமாக இருந்த குறைப்பு இப்போது போதாது. அதைவிட அடிக்கடி நேர்வது, சாப்பாட்டின் அளவு மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புவது: பிள்ளை வைத்த மீதித் தோசை, அலுவலகத்தில் யாரோ நீட்டிய மிக்சர், டீயில் மறுபடி ஏறிய சர்க்கரை. மூன்று நாள் வாயில் போட்ட எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காரணம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். உடனே சாப்பாட்டை இன்னும் வெட்டாதீர்கள், முதலில் நடையை 10 நிமிடம் கூட்டிப் பாருங்கள்.

கல்யாணம், பண்டிகை வந்தால்?

சாப்பிடுங்கள். இலையில் பிடித்ததை ரசித்து ஒரு முறை வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் இரண்டாவது முறை வாங்க வேண்டாம். அடுத்த நாள் பட்டினி கிடக்காமல் வழக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள். தீபாவளிப் பலகாரம்தான் சிக்கல், அது ஒரு நாள் விருந்தாக இல்லாமல் டப்பாவில் இரண்டு வாரம் இருக்கும். அக்கம்பக்கத்தில் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

மருந்து சாப்பிடுகிறேன், நானும் ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், ஆனால் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். இவர்கள் வெறும் வயிற்றில் நடக்கப் போகக் கூடாது; சட்டைப் பையில் குளுக்கோஸோ நான்கு சர்க்கரை மிட்டாயோ இருக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை குறையக் குறைய எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தாங்களாகச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் வாயு என்று சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.